காந்தம் அடங்கும் இடத்தில் பிறக்கும் மின்முனைவு

டெட்ராதயாஃபுல்வலீன், ப்ரோமானில் என்னும் இரண்டு கரிமச் சேர்மங்கள் இணைந்து உருவாகும் படிகத்தை 53 கெல்வினுக்கு, அதாவது ஏறத்தாழ மைனஸ் 220 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால், ஒரே வேளையில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. அதுவரை காந்தப்புலத்துக்கு இணங்கிவந்த படிகம் அந்த இணக்கத்தை இழக்கத் தொடங்குகிறது. அதுவரை மின்முனைவு ஏதும் காட்டாத அதே படிகத்தில் ஒரு பக்கம் நேர்மின் தன்மையும் எதிர்ப்பக்கம் எதிர்மின் தன்மையும் தோன்றுகின்றன. ககாவா, ஹொரியுச்சி, தொகூரா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் இதை வெளியிட்டார்கள். இந்தப் படிகத்தில் இரும்போ மாங்கனீசோ வேறெந்த உலோகமோ இல்லை. கார்பன், ஹைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன், புரோமின் ஆகியவை மட்டுமே உள்ளன. காந்தத்தன்மைக்கும் மின்முனைவுக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காந்தம் மின்முனைவை உண்டாக்கக்கூடும் என்ற எண்ணம் பியர் கியூரி 1894-இல் எழுதிய காலத்திலிருந்தே இருந்துவருகிறது. ஆனால் அதற்குச் சமச்சீர்மை விதிகள் குறுக்கே நிற்கின்றன. மின் இருமுனை என்பது ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் கொண்டது. இடவலமும் மேல்கீழும் முன்பின்னும் ஒருசேர மாறும்படி வெளியைப் புரட்டினால் அதன் திசை தலைகீழாகும். காந்தத் திருப்புத்திறனோ, அதாவது ஒரு காந்தத்தின் வலிமையையும் திசையையும் குறிக்கும் அளவோ, வளையமாகச் சுற்றிவரும் மின்னோட்டத்தைப் போன்றது. வெளியைப் புரட்டினாலும் அந்தச் சுற்றின் திசை மாறாது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால்தான் மாறும். ஒவ்வோர் எலக்ட்ரானையும் ஒரு நுண்காந்தமாக்கும் பண்புக்குத் தற்சுழற்சி என்று பெயர். ஆகவே எல்லாத் தற்சுழற்சிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் மட்டும் மின்முனைவு பிறந்துவிடாது. படிகத்துக்குள் வலம் எது, இடம் எது என்று பிரித்துக் காட்டக்கூடிய அமைப்பு ஒன்றைத் தற்சுழற்சிகள் உண்டாக்க வேண்டும்.

அதற்கான ஒரு வழியை டெர்பியம் மாங்கனீசு ஆக்சைடில் கிமுராவும் அவருடைய குழுவினரும் 2003-இல் காட்டினார்கள். அதில் தற்சுழற்சிகள் திருகுபோலப் படிப்படியாகத் திரும்பிக்கொண்டே செல்கின்றன. அந்தத் திருகல் மின்முனைவைத் தருகிறது. ஆனால் இந்த வழிக்கு எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அதன் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றையொன்று பற்றியிருக்க வேண்டும். கார்பன் போன்ற இலேசான அணுக்களில் அந்தப் பற்று மிகவும் தளர்வானது. எனவே கரிம மூலக்கூறுகள் வேறொரு வழியை நாட வேண்டியிருக்கிறது. அந்த வழி இன்னும் எளியது, என் பார்வையில் இன்னும் அழகியது.

டெட்ராதயாஃபுல்வலீன் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் வழங்கி. ப்ரோமானில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி. தட்டையான இம்மூலக்கூறுகள் படிகத்தில் வழங்கி, ஏற்பி, வழங்கி, ஏற்பி என்று மாறிமாறி, தட்டின்மேல் தட்டாக அடுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஒரு முழு எலக்ட்ரான் கைமாறிவிடுவதால் வழங்கிகள் நேர் அயனிகளாகவும் ஏற்பிகள் எதிர் அயனிகளாகவும் இருக்கின்றன. கைமாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு மூலக்கூறிலும் துணையற்ற எலக்ட்ரான் ஒன்று எஞ்சுகிறது. அந்த எலக்ட்ரானின் தற்சுழற்சிதான் இங்கே காந்தத்தின் மூலம். அண்டையிலுள்ள இரு தற்சுழற்சிகள் எதிரெதிராக நிற்கவே விரும்புகின்றன. 53 கெல்வினுக்கு மேலே மூலக்கூறுகள் சம இடைவெளியில் இருப்பதால், ஒவ்வொரு வழங்கிக்கும் இடப்பக்க ஏற்பியும் வலப்பக்க ஏற்பியும் ஒரே தொலைவில் உள்ளன. இடமும் வலமும் சமம் என்பதால் மின்முனைவுக்கு இடமில்லை.

குவாண்டம் விதிப்படி ஒரு தற்சுழற்சி ஓர் அண்டையோடு மட்டுமே முழுமையாக இணைசேர முடியும். இருபுறமும் ஒரே நேரத்தில் அவ்வாறு சேர இயலாது. சம இடைவெளிச் சங்கிலியில் அது இரு பக்கமும் அரைகுறையாகவே பிணைந்திருக்கிறது. மூலக்கூறுகள் சற்றே நகர்ந்து இரண்டிரண்டாக நெருங்கினால், நெருங்கிய இணைக்குள் காந்தப் பிணைப்பு வலுப்பெற்று ஆற்றல் குறைகிறது. நகர்த்துவதற்கு மீள்தன்மை ஆற்றல் செலவாகும்தான். ஆனால் ஒற்றைப் பரிமாணச் சங்கிலியில், நகர்வு சிறிதாக இருக்கும்வரை, அந்தச் செலவைவிடக் காந்த ஆதாயமே மிகுதி. ஆகையால் போதிய அளவு குளிர்ந்ததும் சங்கிலி தானாகவே இணைகளாகப் பிரிகிறது. இதற்கு ஸ்பின்-பையர்ல்ஸ் மாற்றம் என்று பெயர்.

இந்த மாற்றம் மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். 1993-இல் கண்டறியப்பட்டபடி, காப்பர் ஜெர்மனேட் என்னும் கனிமச் சேர்மத்திலும் 14 கெல்வின் அளவில் இதே இணைசேர்தல் நிகழ்கிறது. ஆனால் அந்தச் சங்கிலியின் உறுப்புகள் அனைத்தும் ஒரே வகைச் செப்பு அயனிகள் என்பதால், ஓர் இணையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றே, மின்முனைவும் இல்லை. சிவப்பு, நீலம் என்று மாறிமாறி உடையணிந்து வரிசையில் நிற்கும் கோலாட்டக்காரர்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சிவப்பும் தனக்கு வலப்புறமுள்ள நீலத்தோடு கோல் தட்டினால், வரிசை முழுவதும் எல்லா இணைகளிலும் சிவப்பு இடப்புறமே இருக்கும். வழங்கி–ஏற்பிச் சங்கிலியில் நடப்பதும் அதுதான். ஒவ்வோர் இணையும் ஒரு மின் இருமுனை. அத்தனையும் ஒரே திசை நோக்குகின்றன. உறுப்புகள் மாறிமாறி அமைவது மூலக்கூறுகளின் வேலை, இடைவெளிகள் மாறிமாறி அமைவது காந்தத்தின் வேலை. இரண்டும் கூடிய பின்புதான் மின்முனைவு பிறக்கிறது.

இணைசேர்ந்த இரு தற்சுழற்சிகளின் நிகர காந்தத்தன்மை சுழியம் என்பதால்தான் படிகத்தின் காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப்புலத்துக்கு இணங்கும் அளவு, வீழ்கிறது. காந்தம் மின்முனைவைத் தருகிறது என்று சொல்லும்போது, காந்தம் அடங்கிப்போவதே அதைத் தருகிறது என்றுதான் இங்கே பொருள் கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வலுவான காந்தப்புலத்தைச் செலுத்தினால் அது இணைகளைப் பிரிக்க முற்படும். இணைகள் தளர்ந்தால் மின்முனைவும் குறைய வேண்டும். அவ்வாறே குறைவதை ககாவா குழுவினர் அளந்தார்கள். எனினும் இது எளிதில் நடப்பதன்று. 10 டெஸ்லா புலம் ஓர் எலக்ட்ரான் தற்சுழற்சியின் இரு நிலைகளுக்கிடையே உண்டாக்கும் ஆற்றல் வேறுபாடு, வெப்பநிலைக் கணக்கில், சுமார் 13 கெல்வின் மட்டுமே. 53 கெல்வின் வரை தாங்கி நிற்கும் இணைகளை அது சற்றே அசைக்கும், அவ்வளவுதான்.

மின்முனைவின் அளவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.15 மைக்ரோகூலூம்; மிகச் சிறியது. ப்ரோமானிலுக்குப் பதிலாகக் குளோரானில் சேர்ந்த உறவுப் படிகத்திலோ, 81 கெல்வினுக்குக் கீழே, அது 6 மைக்ரோகூலூமையும் தாண்டுகிறது. அயனிகள் நகர்ந்த தொலைவை வைத்துக் கணக்கிட்டால் வரக்கூடியதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு இது. மேலும் அதன் திசை, அயனி நகர்வு சுட்டும் திசைக்கு நேர்மாறு. 2012-இல் வெளியான இந்த முடிவுக்குக் காரணம் எலக்ட்ரான்களே. வழங்கி வலப்புற ஏற்பியை நெருங்கும்போது நேர்மின்னூட்டம் வலப்புறம் நகர்கிறது. ஆனால் அந்த நெருக்கத்தால் கூடுதல் எலக்ட்ரான் பங்கும் வழங்கியிலிருந்து ஏற்பிக்கு, அதாவது வலப்புறமே பாய்கிறது. எதிர்மின்னூட்டம் வலப்புறம் சென்றால் மின்முனைவு இடப்புறம் திரும்பும். இந்தப் பாய்ச்சலே அயனி நகர்வை விஞ்சிவிடுகிறது. ப்ரோமானில் படிகத்தில் எலக்ட்ரான் ஏற்கெனவே பெரும்பாலும் கைமாறிவிட்டதால், பாய்வதற்கு எஞ்சியிருப்பது சொற்பம்.

மின்புலத்தைத் திருப்பினால் மின்முனைவும் திரும்பும். அப்போது ஒவ்வொரு வழங்கியும் வலப்புறத் துணையை விட்டு இடப்புற ஏற்பியோடு சேர்கிறது. திரும்பிய பகுதியும் திரும்பாத பகுதியும் சந்திக்கும் எல்லையில், இருபுறமும் துணை கிடைக்காத ஒரு மூலக்கூறு தனித்து நிற்கும். அடங்கிப்போன காந்தம், துணையற்ற அந்த ஒற்றைத் தற்சுழற்சியில் மட்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.