முதல் பால், இரண்டாம் பால், கோகோ தூள்

ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அதன்மேல் ஒரு கரண்டி கோகோ தூளைக் கொட்டிப் பாருங்கள். மூழ்காது, மேலேயே மிதக்கும். கிளறினால் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். அதில் ஒன்றை விரலால் நசுக்கினால் உள்ளே பொடி காய்ந்தபடியே இருக்கும், வெளியே மட்டும்தான் ஈரம். எத்தனை நேரம் கலக்கினாலும் இந்த உருண்டைகள் முழுதாகக் கரைவதில்லை.

காரணம் கொழுப்பு. கடையில் வாங்கும் சாதாரண கோகோ தூளில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு கோகோ வெண்ணெய் மிச்சமிருக்கும். உயர்ரகத் தூளில் இருபதுக்கு மேலும் இருக்கும். அது துகள்களின்மேல் படிந்திருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் விலகுகிறது. ஆனால் கோகோ வெண்ணெய் 34 முதல் 36 டிகிரியிலேயே உருகிவிடும். சூடான திரவத்தை ஊற்றினால் கொழுப்பு இளகி வழிவிடும். தூளில் இருக்கும் நார்ச்சத்தும் மாவுச்சத்தும் தண்ணீரைக் குடித்து உப்பும். மணமும் அப்போதுதான் எழும். முதலில் கொஞ்சமாகச் சுடுநீர் விட்டுக் குழைத்து, பிறகு மிச்சத்தைச் சேர்ப்பதுதான் வழி.

இந்தத் தூளை வைத்துப் பால், முட்டை, கிரீம், ஜெலட்டின் எதுவும் இல்லாமல் ஒரு சாக்லேட் புட்டிங் செய்வதாக வைத்துக்கொள்வோம். தேங்காய்ப்பால், கருப்பட்டி, கார்ன்ஃபிளவர், கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான் பொருள்கள். தேங்காயையும் கோகோவையும் சேர்ப்பது வெளிநாட்டு மோகம் என்று நினைக்க வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்பதே கோகோதான். அதற்கு நிழல் வேண்டும், தென்னை அதைக் கொடுக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் அம்போய்னா தீவிலிருந்து கோகோவைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டது. வணிகப் பயிராகக் காலூன்றத்தான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ஆயிற்று.

மரத்திலிருந்து பறித்த கோகோ காயை உடைத்து விதையைக் கடித்தால் சாக்லேட்டின் சாயலே இருக்காது. விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதை இனிப்பும் புளிப்புமாக நன்றாக இருக்கும். விதையோ ஒரே கசப்பு, துவர்ப்பு. மணம் பிறப்பது புளிக்கவைக்கும்போதுதான். சதையோடு விதைகளைக் குவித்தோ பெட்டியில் போட்டோ மூடி ஐந்து முதல் ஏழு நாள் விடுவார்கள். முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். இடையிடையே கிளறிவிடக் காற்று உள்ளே போகும். உடனே அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தை வினிகராக்கும். அந்த வேலையில் கிளம்பும் சூட்டில் குவியல் 45, 50 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டிலும் அமிலத்திலும் விதைக்குள் இருக்கும் முளை செத்துவிடுகிறது. செல் சுவர்கள் உடைந்து, புரதம் அமினோ அமிலங்களாகவும் சர்க்கரை எளிய சர்க்கரைகளாகவும் பிரிகின்றன. இவை இரண்டும் வறுக்கும்போது ஒன்றோடொன்று வினைபுரிவதால்தான் நமக்குத் தெரிந்த அந்த மணம். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் அது வராது.

வறுத்து அரைத்த விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிழியும் இயந்திரம் 1828இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹவுட்டன் குடும்பத்தால் வந்தது. பிழிந்து மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ தூள். அதே குடும்பம் இன்னொரு வழக்கத்தையும் தொடங்கிவைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் ‘ஆரோக்கியமான சாக்லேட்’ என்ற பேச்சு முழுவதும் அங்கேதான் சிக்கியிருக்கிறது.

முதலில் அடுப்பு. ஒரு முழுத் தேங்காயைத் துருவி அரைத்து, கெட்டியான முதல் பால் 100 மில்லி, தண்ணீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பால் 400 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். 70 கிராம் கருப்பட்டியைத் தட்டி இரண்டாம் பாலில் முக்கால்வாசியை ஊற்றிச் சூடாக்கிக் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். கொதிக்கும் பசும்பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும் என்ற பயம் இங்கே இல்லை. அமிலம் பட்டதும் திரள்வது பசும்பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம். தேங்காய்ப்பாலில் அது கிடையாது. 30 கிராம் கோகோவை இந்தச் சூடான பாலில் கொஞ்சம் விட்டுக் குழைத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அடுப்பில் வையுங்கள்.

எடுத்து வைத்த ஆறிய இரண்டாம் பாலில் 25 கிராம் கார்ன்ஃபிளவரைக் கரைத்து ஊற்ற வேண்டும். நேராகச் சூட்டில் போட்டால் கட்டிதான். மாவுச்சத்து மணிகள் 62 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். அதுவரை தண்ணியாக ஓடிய கலவை, அங்கிருந்து கரண்டியை இழுக்க ஆரம்பிக்கும். கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்த உடனே இறக்கிவிட வேண்டாம். கொப்புளம் வெடிக்கும்வரை, அதாவது 90 டிகிரிக்கு மேல், கிளறியபடி இரண்டு நிமிடம் வைத்தால்தான் மாவு வாடை போய், ஆறியபின் சரியாக உறையும். முட்டையும் பால் புரதமும் இல்லாத புட்டிங்கில் இந்த மாவுதான் எலும்பு. இங்கே அவசரப்பட்டால் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை நேரம் வைத்தாலும் கஞ்சியாகவே இருக்கும்.

இனி அடுப்பை அணைத்துவிட்டு முதல் பால். பாயசமோ சொதியோ வைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது: முதல் பால் விட்டபின் கொதிக்க விடக்கூடாது. தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியின் மேலும் புரதத்தாலான மெல்லிய உறை உண்டு. 80 டிகிரி வாக்கில் அந்தப் புரதம் உருக்குலைந்து திரள்கிறது, உறை கிழிகிறது, துளிகள் ஒன்றுகூடி மேலே எண்ணெய் மினுங்குகிறது. அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் தணிந்தபின் கெட்டிக் கலவையில் சேர்த்தால் துளிகள் நகர இடமில்லாமல் அங்கங்கே மாட்டிக்கொண்டு, அப்படியே வழவழப்பாக நிற்கும்.

உப்பை மறக்க வேண்டாம். சோடியம் நாக்கில் கசப்பு உணர்வைத் தணிக்கிறது. கசப்பு தணிந்தால் இனிப்பு தானாக மேலே வருகிறது. கருப்பட்டியை 70 கிராமோடு நிறுத்திக்கொள்ள முடிவது ஒரு பங்கு அந்தச் சிட்டிகை உப்பால்தான், இன்னொரு பங்கு தேங்காய்க் கொழுப்பால்.

நான்கு கிண்ணங்களில் ஊற்றிக் குளிரவைத்தால் இறுகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைவது, ஆகவே குளிர்சாதனப் பெட்டிக்குள் அதுவும் மாவோடு சேர்ந்து கெட்டிப்படும். வாயில் வைத்ததும் உருகும். சென்னை மே மாதத்தில் மேசையில் விட்டுவிட்டுப் போன் பேசப் போனால், வரும்போது அது சாஸ்.

சரி, இது ஆரோக்கியமா?

பால் இல்லை என்பதாலேயே ஒரு இனிப்பு ஆரோக்கியம் ஆகிவிடாது. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். இந்தப் புட்டிங்கில் ஆளுக்கு 17 கிராம் சொச்சம் வருகிறது. இந்தக் கிண்ணத்தில் உண்மையிலேயே பேச வேண்டிய பொருள் கோகோவில் இயற்கையாக உள்ள ஃபிளவனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள், குறிப்பாக அவற்றில் ஒன்றான எபிகேட்டச்சின். ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவதற்கு இவை உதவுகின்றன. தினம் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ரத்தநாளங்களின் நெகிழ்ச்சிக்கு உதவும் என்று சொல்லிக்கொள்ள ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஒப்புக்கொண்டது.

இப்போது வான் ஹவுட்டனின் அந்த இன்னொரு வழக்கம். புளிக்கவைத்த கோகோவில் அமிலம் தங்கியிருக்கும். இயல்பான தூளின் பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, ஐந்தரைக்குப் பக்கம் (ஏழுக்குக் கீழே போனால் அமிலம்). அதைப் பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரத்தால் பதப்படுத்தினால் புளிப்பும் துவர்ப்பும் போய், நிறம் கறுத்து, தண்ணீரில் எளிதாகக் கலக்கும். பார்க்க ‘அடர் சாக்லேட்’ மாதிரி இருக்கும், ஆனால் காரம் ஃபிளவனால்களைச் சிதைத்துவிடுகிறது. 2008இல் அமெரிக்காவில் கடைத்தூள்களை அளந்து வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இயல்பான தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8. நன்றாகக் கறுக்கும்வரை பதப்படுத்தியதில் 3.9. நம் புட்டிங்கில் ஆளுக்கு ஏழரை கிராம் தூள் வருகிறது. அந்தச் சராசரிப்படி கணக்குப் போட்டால், முதல் தூளில் செய்தால் 260 மில்லிகிராம். கடைசித் தூளில் செய்தால் 30கூட இல்லை. செய்முறை அதேதான், ருசிகூட இரண்டாவது மென்மையாக இருக்கும். கறுப்பு அதிகமானால் கோகோ அதிகம் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘காரத்தால் பதப்படுத்தியது’ என்றோ, அமிலத்தன்மை சீராக்கி 501 என்றோ போட்டிருந்தால் அது காரம் கண்ட தூள். இயல்பான தூள் வெளிறிய, செம்மண் சாயலுள்ள பழுப்பு. ‘ரா’ (வறுக்காதது) என்று முன்பக்கம் பெரிதாக அச்சிட்டு மூன்று மடங்கு விலை வைத்திருப்பதைவிட, பின்பக்கத்து அந்தச் சின்ன எழுத்துகள்தான் கூடுதல் தகவல் தருகின்றன. அப்புறம், வீட்டில் கேக்குக்குச் சோடா உப்பு போடுகிறோமே, அதுவும் காரம்தான். அடுப்புச் சூட்டில் அது அதே வேலையைச் செய்யும்.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வாழைப்பழ விஷயம். பால் சேர்க்காத சாக்லேட் இனிப்பு என்று தேடினால் பாதிக்கு மேல், பழுத்த வாழைப்பழத்தைக் கோகோவோடு மிக்சியில் அடிப்பதாகத்தான் வரும். சர்க்கரை வேண்டாம், வழவழப்பும் கிடைக்கும். ஆனால் வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்கவைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஃபிளவனால்களையும் விட்டுவைப்பதில்லை. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகமும் சேர்ந்து 2023இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டன. ஃபிளவனாலை மாத்திரையாக மட்டும் விழுங்கியபோது ரத்தத்தில் வந்த அளவோடு ஒப்பிட்டால், வாழைப்பழ ஸ்மூத்தியோடு சாப்பிட்டபோது 84 சதவீதம் குறைவு. நொதி குறைவாக உள்ள பெர்ரிப் பழ ஸ்மூத்தியில் அப்படி நடக்கவில்லை. பழத்தையும் ஃபிளவனாலையும் வாய்க்கு வெளியே கலக்காமல் ஒரே நேரத்தில் சாப்பிட்டபோதும் அளவு இறங்கியது. நொதி வயிற்றுக்குள்ளும் கொஞ்ச நேரம் வேலை செய்கிறது என்பதுதான் இதற்கு விளக்கம். வெட்டினால் கறுக்கும் பட்டர் ஃப்ரூட்டிலும் இதே நொதி உண்டு.

வாழைப்பழம் வேண்டும் என்றால் வேகவைத்துச் சேருங்கள். நொதி ஒரு புரதம். ஆவியில் நன்றாக வெந்தால் செயலிழந்துவிடும். நாகர்கோவில் பக்கம் காலையில் புட்டோடு வைக்கும் அவித்த நேந்திரம்பழத்தை மசித்து இந்தப் புட்டிங்கில் கலந்தால் கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னாலும், ஃபிளவனாலை மருந்தாக நினைக்க வேண்டாம். காஸ்மாஸ் என்ற பெரிய சோதனையில் 21,442 அமெரிக்க முதியவர்களில் பாதிப்பேருக்கு தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் மாத்திரையாகத் தரப்பட்டது. 2022இல் வந்த முடிவின்படி, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகளின் மொத்தம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதய, ரத்தநாள நோய்களால் நேர்ந்த மரணங்கள் 27 சதவீதம் குறைந்திருந்தன, ஆனால் அது சோதனையின் முதன்மைக் கேள்வி அல்ல. இந்தச் சோதனைக்கும் வாழைப்பழப் பரிசோதனைக்கும் பின்னால் மார்ஸ் என்ற சாக்லேட் நிறுவனத்தின் பங்கு உண்டு. அதனால் முடிவு பொய் என்று ஆகாது. ஆனாலும் படிக்கும்போது அது நினைவில் இருப்பது நல்லது. அதோடு, அவர்கள் கொடுத்தது மாத்திரை, புட்டிங் அல்ல.

இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்கள் இதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடாமல் மாலையில் தனியாகச் சாப்பிடலாம். கீரை, பருப்பில் உள்ள இரும்பைக் கோகோவின் பாலிஃபீனால்கள் (ஃபிளவனால்களும் இந்த வகைதான்) பிடித்துவைத்துக்கொள்ளும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கோகோவில் ஆக்சலேட் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் காஃபீன் 17 மில்லிகிராம் வாக்கில்தான், ஒரு டம்ளர் காபியோடு ஒப்பிட்டால் சொற்பம். காஃபீனுக்கு உறவான தியோபுரோமின் என்ற பொருள் 150 மில்லிகிராம் வரை போகும், ஆனால் அது காஃபீனைப் போலத் தூக்கத்தைக் கெடுக்கும் பொருள் அல்ல.

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் போனால் புட்டிங்கின் ஓரத்தில் தண்ணீர் கசியும். கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம்: ஊதிய மாவுச்சத்து மெல்ல மெல்லத் திரும்ப ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, குடித்த தண்ணீரை வெளியே தள்ளுகிறது. புளித்த வாடை வந்தால்தான் கொட்ட வேண்டும், தேங்காய்ப்பால் சீக்கிரம் கெடும். கொட்டுவது குப்பையில் இருக்கட்டும், வாசலில் இருக்கும் நாய்க்கு வேண்டாம். நாயின் உடல் தியோபுரோமினை மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். கோகோ தூளில் அது மில்க் சாக்லேட்டைவிடப் பல மடங்கு அடர்த்தி.