இட்லி ஆவியும் மித்தி ஆறும்

மும்பை தாராவியில் பொழுது விடியுமுன்பே இட்லிக் கொப்பரைகள் அடுப்பேறிவிடும். காலையில் கூடையிலும் சைக்கிளிலும் நகரமெங்கும் இட்லி கிளம்பும்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். இட்லி வேகுவதோ ஆவியில். எரிபொருளை மிச்சப்படுத்த மூடியை இறுக்கமாகப் போடலாம், காற்றுப் படாமல் அடுப்பை மறைக்கலாம். அதற்கு மேல் ஆவியிடம் பேரம் பேச முடியாது.

கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை பெரும்பாலும் ஒன்றாம் தேதி மாறும். நாட்டில் எரியும் எல்.பி.ஜி.யில் பாதிக்கும் மேல் இறக்குமதி. வளைகுடாவில் விலை அசைந்தாலும் டாலர் அசைந்தாலும் இங்கே தெரியும்.

ஒரு பேச்சுக்கு, 100 ரூபாய் வியாபாரத்தில் கேஸுக்கு 12 ரூபாய், லாபம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் கால் பங்கு ஏறினால் 3 ரூபாய் கூடுதல் செலவு. லாபத்தில் 30 சதவீதம் போயிற்று! இட்லி விலையை ஏற்றலாமே என்றால், பக்கத்துத் தெருக்காரர் ஏற்றாதவரை நடக்காது.

தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் நிறைந்த பாந்த்ரா குர்லா வளாகம். அங்கே ஒரு வங்கி அலுவலகத்துக்கு 100 ரூபாய் வருமானத்தில் மின்சாரம் ஒரு ரூபாய் என்றால், அதே கால் பங்கு ஏற்றம் வெறும் 25 காசு. அதையும் சேவைக் கட்டணத்தில் சேர்த்துவிடலாம். கையில் முதல் இருப்பதால் சூரியத் தகடும் சிக்கனமான ஏசியும் வாங்கி அடுத்த ஏற்றத்திலிருந்தும் தப்பிக்கலாம். இட்லிக்காரருக்குப் புது பர்னர் வாங்கவே முதல் இல்லை. பழைய அடுப்பு கூடுதலாகத் தின்கிறது. ஆற்றின் இரு கரைக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு ஏற்றத்திலும் கூடுவது இப்படித்தான்.

இது தனி மனிதர் கணக்கோடு நிற்பதில்லை. தாராவியில் இட்லி, மண்பாண்டச் சூளை, பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை என்று வெப்பத்தை நம்பிய தொழில்கள் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. எல்லார் கையும் ஒரே சமயத்தில் சுருங்கினால் டீக்கடை, தையல் கடை எல்லாமே சேர்ந்து படுக்கும்.

அப்புறம், தாராவித் தமிழர் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம். அங்கே வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கரண்ட் பில் பெரிதாக ஏறியிருக்காது. மும்பையிலிருந்து வரும் பணம் குறைந்த மாதம், மளிகைக் கடை நோட்டில்தான் பாக்கி ஏறும்.