வில்லைச் சுற்றிப் போகும் அம்பு

பாரிஸ் ஒலிம்பிக் வில்வித்தையைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: “அம்பு வில்லின் பக்கவாட்டில்தானே இருக்கிறது? நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அப்படியானால் அம்பு விலகித்தானே போக வேண்டும்?”

எத்தனை கூர்மையான கேள்வி! 70 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் 12.2 சென்டிமீட்டர். வளைந்த வில்லின் நிலையாற்றல் அம்பின் இயக்க ஆற்றலாவது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாதது, அம்பும் வளைகிறது என்பது.

ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை நிறுத்தி, மேல்முனையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், நடுப்பகுதி பிதுங்கும். அம்புக்கும் இதே கதிதான். பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது. கனத்த முனை நிலைமத்தால் முரண்டு பிடிக்கிறது. போதாக்குறைக்கு, நாண் விரல்களிலிருந்து வழுக்கும்போது அம்பின் வாலைப் பக்கவாட்டில் தட்டிவிடுகிறது. அம்பின் நடு முதலில் வில்லை நோக்கி வளைகிறது, உடனே வெளிப்பக்கம் வளைகிறது. மீண்டும் அது உள்ளே திரும்பும்போது வால் வெளியே வீசப்படுகிறது. இறகுகள் வில்லில் உரசாமல் தாண்டிவிடுகின்றன! இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். பிறகு காற்றில் அதிர்வு தணிய, அம்பு இலக்கை நோக்கி நேராகிறது. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மேன் அதிவேகக் கேமராவில் இந்த நெளிவைப் படம்பிடித்தார்.

ஒரு வில்லுக்குப் பொருந்தும் அம்பு இன்னொரு வில்லுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். வில்லுக்குத் தேவையானதைவிட விறைப்பு கூடினால் வலக்கை வீரரின் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், குறைந்தால் வலப்பக்கம். விறைப்பை அளக்க, இன்றைய கார்பன் அம்பை 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் கிடத்தி, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். அரை அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரம் பங்கில் 500 பங்கு தொய்ந்தால், அம்பின்மேல் 500 என்று பொறிக்கிறார்கள்.

1545இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்துள்ளன. கேமராவோ சூத்திரமோ இல்லாத காலத்தில் மரத்தைச் சீவிச் சீவி விறைப்பைக் கையால் உணர்ந்த கைவினைஞர்களை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. அவர்கள் உழைப்பை மந்திர சக்தி என்று சொல்பவர்கள்மேல் கோபம் வருகிறது. நம் பயிற்சி மையங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அதிவேகக் கேமராவும் அதைக் கையாளத் தெரிந்த ஓர் இயற்பியல் பட்டதாரியும் இருக்க வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவிக்கு: மெதுவாக ஓடும் காணொலி ஒன்றைத் தேடிப் பார், அம்மா. அம்பின் முனையைவிட்டு வால் இறகுகளைக் கவனி. வில்லின் அருகே வந்ததும் அவை ஒதுங்கி வழிவிடுவது தெரியும்.