மரம் பருத்தால் கூலி குறையும்: தேக்கைக் கலைக்கும் கணக்கு

சோளப்பயிரைத் தயங்காமல் கலைத்துவிடும், அதாவது நெருக்கமாக நிற்பதில் சிலதைப் பிடுங்கி மற்றதற்கு இடம்விடும் கொங்கு விவசாயி, தேக்கென்றால் "நட்டு வளத்ததை எப்படிங்க வெட்டறது?" என்கிறார். 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1000 மரம். சில ஆண்டுகளில் தலைகள் முட்டிக்கொள்ளும். தேக்கு நிழல் தாங்காது; வெளிச்சம் தேடி உயருமே தவிர, தண்டு பருக்காது.

கலைப்பதால் தோட்டத்தின் மொத்த மர விளைச்சல் கூடிவிடாது. மண்ணும் நீரும் வெயிலும் தருவது ஏறக்குறைய அதே அளவுதான். ஆயிரம் தண்டுகளில் பரவியது சில நூறு தண்டுகளில் சேர்கிறது, அவ்வளவே. ஆனால் காசு அந்தச் சேர்மானத்தில்தான் இருக்கிறது. மரக்கடையில் சுற்றளவை அடிக்கணக்கில் மாற்றி நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி போடுவார்கள். 10 அடி நீளத்தில் 20 அங்குலச் சுற்று சுமார் 1.7 கன அடி. 40 அங்குலம் என்றால் 6.9. சுற்று இரட்டித்தால் மரம் நாலு மடங்கு.

வெட்டுக்கூலியை ஆள்வதும் இதே கணக்குதான். மரத்தடிக்கு நடப்பது, புதர் நீக்குவது, விழும் திசை பார்ப்பது எல்லாம் சன்ன மரத்துக்கும் பருத்த மரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம். சுற்று பாதியான சன்ன மரத்தில் கிடைப்பதோ கால்வாசி. அதனால்தான் முதல் கலைப்பில் பெரும்பாலும் கைக்காசு போகிறது. அடர்ந்த தோப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு: வெட்டிய மரம் கீழே விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க நேரம் போவது இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து. அதனடியில் யாரும் நிற்கக் கூடாது. தாங்கி நிற்கும் மரத்தையும் வெட்டக் கூடாது.

முழு வரிசையாக எடுத்தால் விழவும் இழுக்கவும் பாதை கிடைக்கும், செலவு குறையும். ஆனால் நல்ல மரமும் சேர்ந்து போகும். சில வரிசைகளைப் பாதைக்காக எடுத்துவிட்டு, மற்றவற்றில் கோணலையும் நோஞ்சானையும் பார்த்து நீக்குவதே எனக்குச் சரியென்று படுகிறது. இழுவையைக் குறைவாக எடைபோடாதீர்கள். ஆனைமலை டாப்ஸ்லிப்பில் வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கை யானைகளை வைத்து இழுத்து, மலையுச்சியிலிருந்து கீழே சரித்துவிட்டார்கள்.

வெட்டிய மரத்தை இலையோடு சில நாள் கிடக்கவிட்டால், இலைகள் தண்டின் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், சுமை குறையும்.

மரம் பருக்கட்டும், கூலி மிச்சமாகும் என்று நெடுநாள் காத்திருப்பதும் நஷ்டம். நெருக்கத்தில் தலை சுருங்கிய மரம், பிறகு இடம் கிடைத்தாலும் வேகமாகப் பருக்காது. கீழ்க்கிளைகள் காயத் தொடங்கும்போதே ஆளைக் கூப்பிடுங்கள். வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அதை ஒடித்துவிடும் கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.