தெருமுனையில் நிற்கும் பெண்ணைப் படம் எடுத்துப் போடாதீர்கள்

சென்ற மாதம் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் வந்தது. இரவு 11 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவரை, காருக்குள் இருந்தபடி யாரோ எடுத்திருக்கிறார்கள். "நம்ம ஏரியாவைக் கெடுப்பவள் இவள்தான், எங்கே பார்த்தாலும் விரட்டுங்கள்" என்று கீழே ஒரு வரி. இரண்டே நாளில் அந்தப் படம் அவருடைய மகன் படிக்கும் வகுப்பின் பெற்றோர் குழுவரை போய்விட்டது. பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். நான்காம் நாள் அவர் வீட்டைக் காலி செய்தார். எங்கே போனார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் தினமும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டியவர். என்ன நோய் என்பதைச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் ஒன்றரை ஆண்டு சாப்பிட்டு வந்தவர்.

இந்த ஆண்டில் மட்டும் இது மூன்றாவது முறை. (அடையாளம் தெரிந்துவிடக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று முறையும் சங்கத்தார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கள் தெரு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தப்பா மேடம்?"

தப்பே இல்லை. 14 ஆண்டுகளாக நான் இரவுக் களப்பணி செய்கிறேன். தெருவில் நின்று பாலியல் தொழில் செய்யும் பெண்களோடு பாதி நாள், அதே தெருவில் குடியிருப்பவர்களோடு மீதி நாள் பேசுவதுதான் என் வேலை. ஆகவே இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும். குடியிருப்பவர்களின் புகார் கற்பனை என்று சொல்லும் சக பணியாளர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. குழந்தைகள் விளையாடும் மணலில் ஊசி கிடந்ததைத் தன் கையால் எடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது கார் ஒன்று மெதுவாகப் பக்கத்தில் ஊர்ந்து வந்து, கண்ணாடியை இறக்கி "எவ்வளவு?" என்று கேட்டதால், அந்த வழியாக வருவதையே விட்டுவிட்ட கல்லூரிப் பெண்ணைத் தெரியும். மாடிப்படிக்கடியில் ஆணுறைகள், விடியற்காலை மூன்று மணிக்குக் கதவை அடித்துச் சாத்தும் சத்தம், குடித்துவிட்டு அடிதடி, எட்டு மணிக்கே கடையை இழுத்து மூடும் முதியவர் எல்லாமே உண்மை. இவையெல்லாம் யாருக்கு வலிக்கின்றன என்று பார்த்தால், வேறு இடத்துக்கு வீடு மாற்றிப் போகப் பணமில்லாதவர்களுக்குத்தான். வசதியான தெருவில் இந்தத் தொழில் நெடுநாள் தங்குவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன புகார்களில் எத்தனை அந்தப் பெண் செய்தவை? எந்தச் சங்கத்துக்குப் போனாலும் முதல் கூட்டத்திலேயே புகார்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார்?" என்று எழுதச் சொல்வேன். சுற்றிச் சுற்றி வரும் கார்கள், போகிற வருகிற பெண்களிடம் விலை கேட்பது, குடித்துச் சண்டை போடுவது, போதை விற்பவர்கள், தரகர்கள் என்று தாள் நிறையும்போது, பெரும்பாலான வரிகளுக்கு எதிரே ஆண்கள்தான் இருப்பார்கள். பெண்களின் பேரில் மிஞ்சுவது குப்பையும் சத்தமும். அவை பேசித் தீர்க்கக்கூடியவை. இருந்தும் வாட்ஸ்அப்பில் படம் போவது அந்தப் பெண்ணுடையது. காரில் வந்தவர் படத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. (அதையும் போடச் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கலாம்.)

சரி, எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் வார்த்தைக்கு வருகிறேன். "விரட்டிவிட்டால் போய்விடுவார்கள்."

போய்விடுவார்கள்தான். எங்கே போவார்கள் என்று யாருமே கேட்பதில்லை. கனடாவின் வான்கூவர் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் அங்கே வெஸ்ட் எண்ட் என்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் பாலியல் தொழிலாளிகள் தெருவில் நிற்பார்கள். விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம். ஒருவருக்கொருவர் கண்காவலாக இருந்தார்கள். குடியிருந்தவர்கள் குழு அமைத்துப் போராடினார்கள். 1984 ஜூலையில் நீதிமன்றம் தடையாணை போட்டது: கிரான்வில் தெருவுக்கு மேற்கே இனி நிற்கக்கூடாது. வெஸ்ட் எண்ட் மக்களுக்கு அது வெற்றி. அந்தப் பெண்கள் மவுண்ட் பிளசன்ட் பக்கம் போனார்கள், அங்கும் எதிர்ப்பு. மறுபடி நகர்ந்தார்கள். கடைசியில் யாரும் எதிர்க்காத இடம் என்று மிஞ்சியது கிடங்குகளும் பட்டறைகளும் உள்ள, இரவில் ஈ காக்கை இல்லாத தெருக்கள்தான். டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்ற அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த ஆண்டுகளில் டஜன் கணக்கில் பெண்கள் காணாமல் போனார்கள். அவர்களில் பலர் பழங்குடிப் பெண்கள். தேடுவதில் யாரும் அவசரம் காட்டவில்லை. 2002-இல்தான் நகரத்துக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையைப் போலீஸ் தோண்டத் தொடங்கியது. பண்ணைக்காரர் 6 பெண்களைக் கொன்றதற்காக 2007-இல் தண்டிக்கப்பட்டார். மேலும் 20 கொலைக் குற்றச்சாட்டுகள் விசாரணைக்கே வராமல் நின்றுபோயின.

வெஸ்ட் எண்ட் மக்கள் இதை நினைத்தா செய்தார்கள்? இல்லை. உங்களைப் போல நிம்மதியாகத் தூங்க நினைத்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு விரட்டலும் அந்தப் பெண்களை ஒரு படி இருட்டுக்குள் தள்ளியது. வெளிச்சமான இடத்தில் நிற்கும் பெண்ணுக்குக் காருக்குள் எத்தனை பேர், குடித்திருக்கிறாரா, பின்சீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பத்து நொடி கிடைக்கும். விரட்டப்படும் பெண்ணுக்கு அந்தப் பத்து நொடி கிடையாது. முதலில் ஏறிவிட்டு அப்புறம்தான் பார்ப்பார். 2013-இல் கனடா உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் பேரம் பேசுவதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவைச் செல்லாது என்றதற்கு முக்கியமான காரணமே இதுதான்: ஆபத்தான ஆளை அடையாளம் கண்டு விலகும் வாய்ப்பை அது பறிக்கிறது.

அபராதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பெண்ணைப் பிடித்து அபராதம் போட்டால், அந்தத் தொகையை அவர் எப்படிக் கட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? மறுநாள் அதே தெருவில் கூடுதல் நேரம் நின்றுதான். கையில் ஆணுறை இருந்ததையே சாட்சியாக வைத்து வழக்குப் போடும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதன் விளைவு, பெண்கள் ஆணுறை வைத்துக்கொள்ளவே பயப்படுகிறார்கள். நோய்த்தடுப்பில் வேலை செய்யும் எங்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறு இல்லை.

எதிர்த்தரப்பிலும் ஓர் உதாரணம் உண்டு, அதை மறைத்துப் பேசினால் நியாயமாக இருக்காது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் பால்சால் ஹீத் பகுதியில் 1994-இல் மக்களே தெருமுனைகளில் இரவு முழுக்க நின்று காவல் காத்தார்கள். கார் எண்களைக் குறித்தார்கள். அந்தப் பகுதி மாறியது, இன்றும் அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் தொழிலில் ஒரு பகுதி பக்கத்து எட்ஜ்பாஸ்டனுக்கு நகர்ந்தது. சில பெண்கள் மிரட்டப்பட்டதாகவும் புகார்கள் எழுந்தன. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய காவல் எந்த இரவில் வேட்டையாக மாறும் என்று தொடங்கியவர்களுக்கே தெரியாது. நான் அப்படி ஒரு இரவைப் பார்த்திருக்கிறேன். கையில் கம்போடு நின்றவர் பள்ளி ஆசிரியர்.

தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. செய்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரம் 1986-இல் குடியிருப்பை விட்டு விலகிய ஒரு சாலையை ஒதுக்கியது. ஜெர்மனியின் கொலோன் 2001-இல் வேலி போட்ட இடம் அமைத்தது. அங்கே கார் நிற்கும் தடுப்பறைகளில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்க இடமிருக்காது, பெண் உட்காரும் பக்கம் திறந்து ஓடலாம், அபாயப் பொத்தானும் உண்டு. சூரிக் நகர மக்கள் 2012-இல் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டு, 2013-இல் இதே மாதிரி ஓர் இடம் திறந்தார்கள். ஆலோசகர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் ஆம்ஸ்டர்டாமும் ராட்டர்டாமும் தங்கள் இடங்களை 2003-இலும் 2005-இலும் மூடிவிட்டன. போதைப் பழக்கமும் ஆள்கடத்தலும் அங்கே கைமீறிப் போனதாக நகராட்சிகள் சொல்லின. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹோல்பெக் பகுதியில் 2014-இல் தொடங்கிய ஏற்பாடும், குடியிருப்பவர்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 2021-இல் முடிந்தது. இடம் மட்டும் ஒதுக்கிவிட்டு ஆளையும் பணத்தையும் ஒதுக்காவிட்டால் நிலைக்காது என்பது என் அனுபவம்.

சட்டம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் காத்திருக்க வேண்டாம். சுவீடன் 1999-இல் பாலுறவை விலை கொடுத்து வாங்குவதைக் குற்றமாக்கியது. நியூசிலாந்து 2003-இல் தொழிலையே குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. அதன் பிறகும் தெற்கு ஆக்லாந்தில் குடியிருப்பவர்கள் இதே புகார்களோடு நாடாளுமன்றம்வரை போனார்கள். எந்தச் சட்டத்தின் கீழும் மணலில் கிடக்கும் ஊசியை ஒருவர் குனிந்து எடுத்தாக வேண்டும்.

என் மனதுக்கு நெருக்கமானது இப்ஸ்விச். 2006-இன் கடைசியில் அந்தச் சிறிய ஆங்கில நகரில் சில வாரங்களுக்குள் 5 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, காரில் வருபவர்கள்மீது கடுமையாக நடவடிக்கை எடுத்தார்கள். பெண்களை மட்டும் அப்படி நடத்தவில்லை. ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, போதை சிகிச்சை, வீடு, கடன், குழந்தைகள் என்று எது தடுக்கிறதோ அதைத் தீர்க்க முயன்றார்கள். சில ஆண்டுகளில் தெருவில் நிற்பவர்கள் மிகவும் குறைந்துபோனார்கள். ஐந்து பேர் சாகும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

இனி நீங்கள் செய்யவேண்டியவை. படம் எடுக்காதீர்கள், வீடியோவும்தான். 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம்கூட, சோதனையின்போது பிடிபடும், மீட்கப்படும் பாலியல் தொழிலாளிகளின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஊடகத்துக்கே அப்படி என்றால் சங்கத்துக் குழுவுக்கு எங்கிருந்து உரிமை வந்தது? பேருந்து நிறுத்தத்தில் இரவில் நிற்கும் பெண் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இரவுப் பணி முடித்த செவிலியரை இப்படிப் படம் எடுத்து, பிறகு மன்னிப்புக் கேட்ட கதையும் என்னிடம் இருக்கிறது. மன்னிப்பு, பகிர்ந்த படத்தைப் பின்தொடர்ந்து போய் அழிக்காது.

முகத்துக்குப் பதில் நேரத்தைக் குறியுங்கள். எந்தக் கார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை சுற்றியது என்று இரண்டு வாரம் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். கார் சுற்ற முடியாதபடி போக்குவரத்தை மாற்றச் சொல்லி நகராட்சியைக் கேளுங்கள். லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பகுதியில் 1980-களில் தெருக்களின் வாயை அடைத்தார்கள், போலீஸும் கூடவே வேலை செய்தது, வட்டமடிப்பது வெகுவாகக் குறைந்தது. ஊசிக்குத் தடித்த பெட்டி வையுங்கள். வெறுங்கையால் எடுக்காதீர்கள், குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். காலையில் பள்ளி நேரத்துக்கு முன் கூட்டிச் சுத்தம் செய்ய ஆள் கேளுங்கள். விளக்கு கேளுங்கள், ஆனால் விளக்கு மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகாதீர்கள்.

அப்புறம், பேசுங்கள். நேரடியாக வேண்டாம், பத்து பேர் சேர்ந்து போய் நிற்கவே வேண்டாம். எங்களைப் போன்ற களப்பணியாளர் மூலம் பேசுங்கள். பள்ளி வாசலை ஒட்டி நிற்பதில்லை, இந்தப் படிக்கட்டைப் பயன்படுத்துவதில்லை, குப்பையை இந்தப் பெட்டியில் போடுவது என்று மூன்று வாக்குறுதியை நான் ஒரே வாரத்தில் வாங்கித் தந்திருக்கிறேன். அவர்களும் தாய்மார்கள். பள்ளி வாசல் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றுதான்: யாராவது அலறினால் ஜன்னலைச் சாத்தாமல் போலீஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. நிற்பது சிறுமி என்று சந்தேகம் வந்தால், அல்லது ஒரு பெண்ணின் போனையும் ஆவணங்களையும் வேறொருவர் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று கண்காணித்தால், உடலில் காயங்கள் இருந்தால், அது கடத்தலாக இருக்கலாம். நீங்களே போய் விசாரித்து அவரை ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள். இடம், நேரம், வண்டி எண் இவற்றோடு உடனே காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். சங்கக் கூட்டம்வரை காத்திருக்காதீர்கள்.

சென்ற மாதம் காணாமல் போனவரை எங்கள் குழு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. பையனின் பள்ளியில் பேசி, அவன் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். அவர் திரும்பி வர வேண்டுமென்றால், அந்தப் படம் முதலில் காணாமல் போகவேண்டும். உங்கள் போனிலோ உங்களுக்குத் தெரிந்த எந்தக் குழுவிலோ அப்படி ஒரு பெண்ணின் படம் இருந்தால், தயவுசெய்து இப்போதே அழித்துவிடுங்கள். அனுப்பியவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.