வெளிநாட்டுப் பயணத்தில் ஓட்டப் பயிற்சி: நடையையும் கணக்கில் சேருங்கள்

பள்ளி விடுமுறை முடிகிற வாரங்களில் எங்கள் பிசியோதெரபி அறைக்கு ஒரு கூட்டம் வரும். குடும்பத்தோடு வெளிநாடு போய்த் திரும்பியவர்கள், வழக்கமாக ஓடுகிறவர்கள். ஒருவருக்குக் குதிகாலில் குத்தல், இன்னொருவருக்குக் கெண்டைக்காலில் இழுப்பு, வேறொருவருக்கு முழங்காலைச் சுற்றி வலி. "பத்து நாளும் ஒரு நாள்கூட விடாமல் ஓடினேன் டாக்டர்" என்று கொஞ்சம் பெருமையோடுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பகலில் எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்டால், "அது சும்மா ஊர் சுற்றிப் பார்த்தது" என்பார்கள். கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்த்தால் 20,000 காலடி, 22,000 காலடி என்று நிற்கும்.

20,000 காலடி என்பது ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அதுவும் எப்படிப்பட்ட நடை? கல் பதித்த தெருவில், பயணத்துக்கென்றே வாங்கிய புதுச் செருப்பில், ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் தூங்கிப்போன பிள்ளை. 15 கிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோ படிக்கட்டு ஏறுவது கெண்டைக்காலுக்கு நல்ல கடுமையான பயிற்சி. அருங்காட்சியகத்தில் நின்று நின்று நகர்வது பார்க்கச் சுலபமாக இருக்கும், பாதத்துக்குச் சுலபம் இல்லை. அந்த நாளுக்கு மறுநாள் காலை, வீட்டில் இருக்கும்போது ஓடுகிற அதே எட்டு கிலோமீட்டரை ஓடினால், அது வழக்கமான ஓட்டம் இல்லை. ஏற்கெனவே களைத்த காலின் மேல் வைத்த இரண்டாவது சுமை. பயணத்தில் வரும் காயங்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டலைப் போடாததால் வருபவை என்பது என் அனுபவம். ஓட்டத்தைக் குறைத்ததால் காயம்பட்டு வந்தவரை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் யாரும் குறைக்க மாட்டார்கள். பாடுபட்டுக் கட்டிய உடம்பு கரைந்துவிடும் என்ற பயம். பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. 1984-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காயிலும் அவருடைய குழுவினரும், நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லிக் கவனித்தார்கள். மூன்று வாரத்துக்குள் அவர்களுடைய விஓ2 மேக்ஸ், அதாவது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், சுமார் 7 சதவீதம் இறங்கியது. முதலில் குறைவது தசை இல்லை, ரத்தத்தின் நீர்ப்பகுதி. அது குறைந்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் குறையும். மறுபடி ஓடத் தொடங்கினால் இந்த நீர்ப்பகுதிதான் சீக்கிரம் திரும்பி வருவதும். ஆக, முழுக்க நிறுத்தினாலே மூன்று வாரத்தில் இவ்வளவுதான் நஷ்டம். ஒரு வாரப் பயணத்துக்கு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முழுக்க நிறுத்தாமல், குறைத்தால்? இதற்கு ராபர்ட் ஹிக்சன் என்ற இன்னோர் ஆய்வாளர் 1980-களின் முதல் பாதியில் வெளியிட்ட ஆய்வுகள் இன்றைக்கும் பயன்படுகின்றன. வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு சிலருக்கு நாட்களை 4 அல்லது 2 ஆகக் குறைத்தார்கள். வேறு ஆய்வில் நேரத்தை 26 அல்லது 13 நிமிடமாகக் குறைத்தார்கள். 15 வாரம் கழித்தும் விஓ2 மேக்ஸ் இறங்கவில்லை. நாளும் நேரமும் அப்படியே இருக்க, பயிற்சியின் கடுமையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோதுதான் இறங்கியது. ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்: 13 நிமிடக் குழுவினருக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் 10 சதவீதம் குறைந்தது. மாரத்தானுக்குச் சில வாரங்களே இருக்கும் நிலையில் பயணம் போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

பயணத்தில் நம்மவர்கள் செய்வதோ இதற்கு நேர் எதிர். தூரத்தை விட மாட்டார்கள், வேகத்தை விட்டுவிடுவார்கள். களைத்த காலோடு ஒரு மணி நேரம் இழுத்து இழுத்து ஓடிவிட்டு, கணக்கு முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

நான் எழுதிக் கொடுப்பது இதுதான். வாரத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் அரை மணிக்குள். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். அப்புறம் ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, இப்படி ஆறு முறை. வேகம் என்றால் முழு வாக்கியம் பேச முடியாத வேகம், உயிரைக் கொடுத்து ஓடுவது இல்லை. கடைசியில் ஐந்து நிமிடம் தளர்வாக. எந்த நாளில் ஓடுவது என்பதை முந்தைய நாளின் நடை முடிவு செய்யட்டும். விமானத்திலோ ரயிலிலோ உட்கார்ந்தே கழிந்த நாளுக்கு மறுநாள் ஓடலாம். ஊரெல்லாம் நடந்து தீர்த்த நாளுக்கு மறுநாள் படுத்துத் தூங்கலாம். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் சில அடிகளில் குதிகால் வலித்தால், அன்று ஓட்டமே வேண்டாம். ஓட ஆரம்பித்தே இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது என்பவர்களுக்கு இந்த வேகப் பயிற்சியும் தேவையில்லை. அவர்களுக்குப் பயணத்து நடையே போதும்.

இனி குடும்பம். உடம்பைப் பற்றி மட்டும் பேசி இதை விட்டால் கட்டுரை பாதிதான். வெளியூரில் ஓடப் போகிற ஒரு மணி நேரம் உங்களுடைய நேரம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, பல் துலக்க வைத்து, தொலைந்த சாக்ஸைத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். "அவர் ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார், நாங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்" என்று ஓர் அம்மா என் அறையில் கணவரை வைத்துக்கொண்டே சொன்னார். கணவர் முழங்காலைக் காட்ட வந்தவர். முழங்காலைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அன்று அதிக நேரம் போனது.

எந்தெந்தக் காலை ஓட்டத்துக்கு என்று கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழு மணிக்கு அறைக் கதவைத் தட்ட வேண்டும். ஏழே காலுக்கு வந்து "வழி தவறிவிட்டது" என்றால் அடுத்த ஓட்டத்துக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம், நியாயமும் அவர்கள் பக்கம்தான். அதே அளவு நேரம் வீட்டில் மற்றவருக்கும் கிடைக்க வேண்டும். அவர் அதில் ஓடினாலும் சரி, தூங்கினாலும் சரி.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமைக் காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒருமுறை பதிந்து பார்கோடு வாங்கிக்கொண்டால் எந்த நாட்டிலும் ஓடலாம், நடந்தே முடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை 2 கிலோமீட்டர் ஓட்டம் தனியாக உண்டு. கைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடுவதானால் மட்டும் எச்சரிக்கை. மடக்கி எடுத்துப்போகும் சாதாரணத் தள்ளுவண்டி ஓட்டத்துக்குச் செய்யப்பட்டதில்லை. ஓட்டத்துக்கென்றே செய்த வண்டியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம், கழுத்து உறுதிப்பட வேண்டும்.

ஜெட் லாக், அதாவது தொலைதூர விமானப் பயணத்தின் நேர வித்தியாசத்தால் வரும் தூக்கக் குழப்பம், அந்த விஷயத்தில் ஒரு தவறான யோசனை பரவலாக இருக்கிறது: போய் இறங்கிய மறுநாள் விடியற்காலையில் ஓடினால் உடல் கடிகாரம் சரியாகிவிடும் என்று. எந்தத் திசையில் போனீர்கள் என்பதைப் பொறுத்தது அது. உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் நாளை நீட்டுகிற மேற்குப் பயணத்தைவிட, நாளைச் சுருக்குகிற கிழக்குப் பயணம் கடினம். கிழக்கே எட்டு மணி நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காலை 6 மணி, உங்கள் உடம்புக்கு முந்தைய இரவு 10 மணி. அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளாது, பின்னேதான் இழுக்கும். உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் பின்னிரவு நேரத்தைத் தாண்டிய பிறகு படுகிற வெளிச்சம்தான் முன்னே தள்ளும். இந்தக் கணக்கில் அது அங்கே நண்பகலுக்குப் பிறகு. ஆகவே முதல் ஓரிரு நாள் மதியத்துக்குப் பின் ஓடுங்கள், பிறகு சிறிது சிறிதாகக் காலைக்கு நகர்த்தலாம். மேற்கே போனால் மாலை வெளிச்சம் உதவும். குடும்பமே விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதற்காக இருட்டில் ஓடக் கிளம்ப வேண்டாம்.

ஹோட்டல் ட்ரெட்மில்லில் ஏறும் முன் திரையில் மைலா கிலோமீட்டரா என்று பாருங்கள். மணிக்கு 9 கிலோமீட்டர் என்று நினைத்து 9 அழுத்துகிறீர்கள், இயந்திரம் மைல் கணக்கில் இருந்தால் அது 14.5 கிலோமீட்டர். ஒரே அழுத்தில் பெல்ட் காலை வாரிவிடும். இயந்திரத்தை உடனே நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கிளிப்பை உடையில் மாட்டிவிட்டு 4-இலிருந்து படிப்படியாக ஏற்றிப் பாருங்கள், எந்த அளவில் இருக்கிறது என்பதைக் காலே சொல்லிவிடும். ட்ரெட்மில் இல்லையென்று அவசரகாலப் படிக்கட்டில் ஏறி இறங்கப் போனால் இன்னொரு தொல்லை: பல கட்டடங்களில் அந்தக் கதவு உள்ளே போனதும் பூட்டிக்கொள்ளும், வெளியே வரத் தரைத்தளம் வரை இறங்க வேண்டியிருக்கும்.

சாலையில் ஓடினால், வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக ஓடுவதுதான் விதி. நீங்கள் பழகியதற்கு எதிர்ப்பக்கத்தில் வண்டி ஓடும் நாட்டில் உங்கள் தலை தவறான பக்கமாகத்தான் முதலில் திரும்பும். பல வருடப் பழக்கத்தை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. எனவே சாலையே கடக்காத பாதையைத் தேர்ந்தெடுங்கள்: பூங்கா, ஆற்றங்கரை, கடற்கரை நடைபாதை. இல்லையென்றால் ஹோட்டல் இருக்கும் கட்டட வரிசையையே சுற்றுங்கள். நிறம் பூசிய சைக்கிள் தடத்தில் ஓடாதீர்கள், திட்டு விழும். ஹோட்டல் பெயரும் முகவரியும் உள்ள அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாட்டு எழுத்திலேயே. வெயில் கடுமையான ஊரில் உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். பயணம் முடியும்போதுதான் பழகியிருக்கும் என்பதால் கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். 2,500 மீட்டருக்கு மேலுள்ள மலையூர் என்றால் முதல் இரண்டு நாள் ஓட்டம் இல்லை.

கடைசியாக, ஓடுகிறவர்கள் எளிதில் ஏமாந்துபோகும் ஒரு விஷயம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு ஒட்டுமொத்த அபாயம் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான், பதற வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், குடும்பத்தில் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு அபாயம் கூடும். விமானத்திலிருந்து இறங்கியதும் தீர்ந்துவிடுவதும் இல்லை, சுமார் நான்கு வாரம் இருக்கும். ஓட்டக்காரருக்குக் கெண்டைக்கால் வலி புதிதல்ல என்பதால், தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பார், நீட்டிப் பார்ப்பார், அதன் மேலேயே ஓடியும் பார்ப்பார். தசைப்பிடிப்பு பெரும்பாலும் எந்த ஓட்டத்தில், எந்த அடியில் வந்தது என்று சொல்ல முடியும். ஓய்வில் தளரும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தோல் நிறம் மாறி, சும்மா இருக்கும்போதும் வலித்தால் ஓட்டமும் மசாஜும் வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு. எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் விமானத்தில் வந்தீர்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.