ஜூனிப்பர் போன்சாய்: வளைவைப் பிடித்து வைப்பது கம்பியா, கட்டையா?

ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தைத் தொட்டியில் குறுமரமாக வளர்க்கும் போன்சாயில், கிளை ஒன்றில் கம்பி சுற்றி வளைத்து, ஒரு வாரத்தில் அவிழ்த்துவிட்டால் கிளை ஏறக்குறையப் பழைய இடத்துக்கே போய்விடும். அதே கம்பியை ஓராண்டோ ஈராண்டோ விட்டுவைத்தால் வளைவு நின்றுவிடும். கிளை பழகிவிட்டது என்பார்கள். பழைய கட்டைக்கு அப்படியொரு பழக்கம் பெரிதாக ஏற்படுவதில்லை. கம்பி இருந்த காலத்தில் கிளைக்குள் புதிதாக ஒன்று வளர்ந்து சேர்ந்திருக்கிறது. வளைவைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

முதலில் வளைக்கும்போது நடப்பதைப் பார்க்கலாம். கிளையின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அமுங்குகிறது. எவ்வளவு இழுபடும் என்று அறிய, கிளையின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 10 மில்லிமீட்டர் பருமனுள்ள கிளையை 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவுக்குக் கொண்டுவந்தால் வெளி விளிம்பு சுமார் 5 சதவீதம் நீள வேண்டும். கட்டைக்கு அது மிக அதிகம். 1 சதவீதம் நீள்வதற்குள்ளாகவே அதன் மீள்தன்மை எல்லை முடிந்துவிடுகிறது.

பிறகு எப்படித்தான் வளைகிறது? பச்சைக் கட்டை இழுவையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்குவதில்லை. அதனால் முதலில் விட்டுக்கொடுப்பது உட்புறம்தான். அங்கே செல் சுவர்கள் நுண்ணிய மடிப்புகளாகக் கசங்குகின்றன. வெளிப்புற நார்களின் மேல் விழும் சுமை சற்றே குறைகிறது. வளைவின் உட்பக்கப் பட்டையில் குறுக்குச் சுருக்கங்கள் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கும் மேல் அழுத்தினால் வெளிப்புற நார்கள் ஒவ்வொன்றாக அறும். மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்; இன்னும் கொஞ்சம் என்ற ஆசைதான் பல நல்ல கிளைகளை முறித்திருக்கிறது. நிறுத்திச் சில நாள் விட்டால் கட்டைக்குள் இருக்கும் தகைவில் (உள் இறுக்கத்தில்) ஒரு பகுதி தானாகவே தளரும். கடினமான வளைவுகளைத் தவணை முறையில் கொண்டுவருவதற்குக் காரணம் இதுதான்.

(நீராவியில் வேகவைத்தால் கட்டை இன்னும் எளிதாக இணங்கும். நாற்காலிக் கால்களை அப்படித்தான் வளைக்கிறார்கள். ஆனால் செல் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினை இளக்கும் சூடு, உயிருள்ள செல்களைக் கொன்றுவிடும்.)

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்கிறோம். இயற்பியலைக் கேட்டால் வயதின் மேல் குற்றமில்லை, பருமன்தான் குற்றவாளி என்று சொல்லும். ஒரே அளவுக்கு வளைக்க, இரு மடங்கு பருமனுள்ள கிளைக்குப் பதினாறு மடங்கு விசை தேவை. அப்படியானால் பருமனைக் குறைத்துவிடலாமே? தேர்ந்த கலைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள். தண்டை நெடுக்குவாக்கில் பிளக்கிறார்கள், அல்லது நடுக்கட்டையைக் குடைந்து எடுக்கிறார்கள். தாள்களைக் கட்டாக வைத்து வளைத்தால் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி எளிதில் வளையும்; அதே தாள்களைப் பசை போட்டு ஒட்டி அட்டையாக்கினால் முரண்டு பிடிக்கும். பிளந்த தண்டும் அந்தத் தாள்கட்டைப் போலத்தான் நடந்துகொள்கிறது. ஜப்பானின் ஓமியாவைச் சேர்ந்த மசாஹிகோ கிமுரா, மின்கருவிகளால் ஜூனிப்பர் தண்டுகளைச் செதுக்கி வளைத்த விதத்துக்காகவே உலகப் புகழ் பெற்றார். அவருடைய மரங்கள் சிலருக்கு மிகை நாடகமாகத் தெரியலாம். உயிரியல் தெரிந்தவர் எவருக்கும் வியப்புதான் வரும்.

ஏனென்றால் இவ்வளவு காயத்துக்குப் பின்னும் மரம் பிழைக்கிறது. நடுவில் இருக்கும் வைரக்கட்டை ஏற்கெனவே உயிரற்றது. நீரேற்றும் வேலையும் அதற்கு இல்லை. நீர் செல்வது அதற்கு வெளியே உள்ள சாற்றுக்கட்டையில். ஊசியிலை மரங்களில் அந்த வேலையை டிரக்கீடுகள் என்ற, சில மில்லிமீட்டரே நீளமுள்ள மூடிய குழல்கள் செய்கின்றன. ஒரு குழலிலிருந்து அடுத்த குழலுக்கு நீர் போவது பக்கச் சுவரில் உள்ள குழிகளின் வழியே. ஒவ்வொரு குழியின் நடுவிலும், மெல்லிய சல்லடையில் தொங்கும் வட்டத்தட்டு ஒன்று உண்டு. வளைக்கும்போது ஒரு டிரக்கீடு கிழிந்து காற்று புகுந்தால், பக்கத்துக் குழலின் நீர் இழுக்கும் இழுப்பில் அந்தத் தட்டு நகர்ந்து துளையை அடைத்துவிடும். சேதம் பெரும்பாலும் அந்தக் குழலோடு நின்றுவிடுகிறது. காற்றடைப்பைத் தாங்குவதில் ஜூனிப்பர் இனங்கள் மரங்களுக்குள்ளேயே முன்வரிசையில் இருப்பவை.

ஜூனிப்பரில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு வேரும் அதற்கு நேர்மேலே உள்ள கிளையும் பட்டையின் ஒரு கீற்றால் இணைந்து, ஏறக்குறையத் தனிக் குடித்தனம் நடத்துகின்றன. மற்ற பக்கம் செத்து வெளுத்துப்போனாலும் அந்தக் கீற்று வாழும். போன்சாயில் ஜின் என்றும் ஷாரி என்றும் சொல்லப்படும் வெண்மையான பட்ட கட்டைகள் இந்தக் குணத்தை நம்பி உருவாக்கப்படுபவையே. எனவே பிளப்பதற்கு முன் உயிர்க்கீற்று எங்கே ஓடுகிறது என்று தடம் பிடிக்க வேண்டும். அது அறுந்தால் அதற்கு மேலே உள்ள பச்சை முழுவதும் போயிற்று.

இனி, வளைவை நிறுத்தும் அந்தப் புதிய பொருளுக்கு வருவோம். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்ற மிக மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. அது உள்நோக்கிப் புதுக் கட்டையையும் வெளிநோக்கிப் புதுப் பட்டையையும் உண்டாக்குகிறது. கம்பிக்குள் வளைந்து கிடக்கும் கிளையில் புதிதாகப் படியும் கட்டைக்கு நேரான காலம் தெரியாது. வளைவுதான் அதன் இயல்பான வடிவம். பழைய கட்டை நிமிரப் பார்க்கும். புதுக் கட்டை அதைத் தடுக்கும். கட்டையின் விறைப்பில் பெரும்பங்கு வெளி அடுக்குகளிடம் இருப்பதால், மெல்லிய புதுப் படலம்கூடத் தன் பருமனுக்கு மீறிய வேலை செய்கிறது. ஜூனிப்பர் மெதுவாகப் பருக்கும் மரம் என்பதால்தான் இத்தனை காத்திருப்பு.

மரம் சும்மாவும் இருப்பதில்லை. கிளையைக் கீழே இழுத்துக் கட்டினால், ஊசியிலை மரம் கிளையின் அடிப்பக்கத்தில் லிக்னின் மிகுந்த சிறப்புக் கட்டையை வளர்த்து அதை மேலே தள்ளும். கீழே தாழ்த்திய கிளைகள் கம்பியை எடுத்த பிறகு மெல்ல எழுவதில் இதற்கும் பங்குண்டு.

கம்பி இதற்கெல்லாம் காலம் வாங்கித் தரும் கருவி. பதப்படுத்திய செப்புக் கம்பி வளைக்க வளைக்க இறுகும். அதனால் ஒரே முறையில் இடத்தில் வைத்துவிட வேண்டும். அலுமினியம் மென்மையானது, ஆகவே தடிமனாகத் தேவைப்படும். எதுவானாலும் வளைவின் வெளி முதுகின் மேல் ஒரு சுற்று அமர வேண்டும், நார் அறுவது அங்கேதான். பெரிய வளைவுக்கு முன் நனைத்த ராஃபியா நாரை இறுகச் சுற்றுவதும் பட்டை கட்டையை விட்டு விலகாமலிருக்கத்தான். கேம்பியம் சுறுசுறுப்பாகப் பிரியும் வசந்தத்தில் அதன் செல் சுவர்கள் மிக மெல்லியவை. கையால் கிளையை முறுக்கினாலே பட்டை வழுக்கிக் கழன்றுவிடும். பெரிய வேலைகளை அந்தப் பருவத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பச்சையையும் நிறைய விட்டுவைக்க வேண்டும். புதுக் கட்டைக்கான சர்க்கரை இலையிலிருந்துதான் வருகிறது. இலையில்லாத மொட்டைக் கிளையிலிருந்து ஜூனிப்பர் பொதுவாகத் துளிர்ப்பதும் இல்லை. செதில் இலை விடும் மரம் திடீரென முள்முள்ளான இளம்பருவ இலை விட்டால், வேலை அளவுக்கு மிஞ்சியது என்று கொள்ளலாம்.

கம்பி பட்டையில் பதியத் தொடங்கும்போது அதைச் சுற்றிய வழியே அவிழ்க்காமல், துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். எடுத்ததும் கிளை சற்று எழுந்தால் புதுக் கட்டை இன்னும் போதவில்லை என்று பொருள். பழைய தழும்பில் விழாதபடி எதிர்த்திசையில் கம்பி சுற்றி, இன்னொரு வளர்ச்சிப் பருவம் விட வேண்டியதுதான்.